மடங்கும் மண்வெட்டி: எடையைப் பார்த்து வாங்காதீர்கள்

கேள்வி: நீடாமங்கலம் அருகே எங்களுக்கு எட்டு ஏக்கர் நஞ்சை. வரப்பு வெட்டவும் வாய்க்கால் தூர்வாரவும் வேலையாட்களுக்காகப் போன சித்திரையில் ஆறு மண்வெட்டிகளும் மண் அள்ளும் சவல்கள் இரண்டும் வாங்கினேன். குறுவை நடவு முடிவதற்குள் நான்கு மண்வெட்டிகளின் வாய் மடங்கிவிட்டது. ஒன்று காம்பு மாட்டும் வளையத்தோடு பெயர்ந்து வந்துவிட்டது. நல்ல கனமான சரக்கு என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். உழைக்கிற மண்வெட்டியை எப்படிப் பார்த்து வாங்குவது? இணையத்தில் வாங்கலாமா? வளைந்து கிடப்பவற்றை என்ன செய்வது?

பதில்: கனம்தான் உங்களைக் கவிழ்த்திருக்கிறது. டெல்டா முழுக்க மண்வெட்டி வாங்குகிறவர்கள் முதலில் செய்வது கையில் தூக்கிப் பார்ப்பது. விற்கிறவருக்கும் அது தெரியும். அதனால்தான் மட்டமான இரும்பைத் தடிமனாக வெட்டிக் கொடுக்கிறார். உங்களுக்குக் கையில் கனம் கிடைக்கிறது, அவருக்குக் கல்லாவில் காசு கிடைக்கிறது, நாளெல்லாம் அதைத் தூக்கிப் போடுகிறவருக்குத் தோள்வலி கிடைக்கிறது.

வாய் மடங்குவதும் மடங்காததும் இரண்டு விஷயங்களைப் பொறுத்தவை. ஒன்று, இரும்பில் கரிமம் எவ்வளவு இருக்கிறது என்பது. இரண்டு, அடித்த பிறகு முறையாகத் துவைச்சல் போட்டார்களா, அதாவது சிவக்கக் காய்ச்சி முக்கிக் கெட்டிப்படுத்தினார்களா என்பது. கேட்டும் கிரில்லும் செய்கிற சாதாரண இரும்பில் கரிமம் பெரும்பாலும் 0.25 சதவீதத்தைத் தாண்டாது. அதைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்கினாலும் சொல்லிக்கொள்ளும்படி கெட்டிப்படாது. லாரியின் ஸ்பிரிங் பட்டையில் கரிமம் ஏறக்குறைய 0.5 முதல் 0.65 சதவீதம் வரை இருக்கும். அதைக் காய்ச்சி அடித்து, துவைத்து, பிறகு அளவாக மறுபடி சூடேற்றி இளக்கினால் கல்லில் பட்டாலும் வளைந்து நிமிரும். இளக்காமல் விட்டால் வாய் சில்லுச் சில்லாக உதிரும். இதற்கு மேல் உலோகவியல் உங்களுக்கு வேண்டாம்.

கடையில் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். ஒரு சிறிய முக்கோண அரத்தைக் கூடவே எடுத்துப் போங்கள். எந்த ஹார்டுவேர் கடையிலும் மலிவாகக் கிடைக்கும். மண்வெட்டியின் வாய் ஓரத்தில் வண்ணத்தைச் சுரண்டிவிட்டு அரத்தை ஒரு முறை அழுத்தி இழுங்கள். எதிர்ப்பே இல்லாமல் கடித்து மினுமினுவென்று துகள் உதிர்ந்தால் அது கேட் இரும்பு. விலை என்ன என்றுகூடக் கேட்காதீர்கள். அரம் கொஞ்சமும் கடிக்காமல் கீச்சென்று வழுக்கினால் துவைச்சல் போட்டுவிட்டு இளக்காமல் விட்டிருக்கிறார்கள் என்று பொருள். அதுவும் வேண்டாம், முதல் செங்கல் துண்டிலேயே வாய் உடையும். கடிக்கவும் வேண்டும், கையைத் தடுக்கவும் வேண்டும். அதுதான் பதம். இதே சோதனையைத் தகட்டின் நடுப்பகுதியில் செய்து ஏமாறாதீர்கள். நல்ல பட்டறைகளிலேயே வாய்ப்பகுதிக்கு மட்டும் துவைச்சல் போடுவது உண்டு.

அடுத்தது, காம்பு நுழையும் வளையம். தகட்டோடு ஒரே இரும்பாக அடித்து எடுத்ததா, தனியாகச் செய்து ஒட்டவைத்ததா என்று பாருங்கள். வளையத்துக்குள் விரலை விட்டுத் தடவினால் வெல்டு மணிகள் நெருடும். வெளிப்பக்கம் வண்ணத்தை மொத்தமாக அப்பியிருந்தால் அங்கேதான் ஒட்டு இருக்கிறது. நகத்தால் கீறினாலே தெரிந்துவிடும். உங்களுடையது பெயர்ந்து வந்தது இந்த ஒட்டில்தான். நனைந்து இறுகிய களிமண்ணில் மண்வெட்டியைப் பதித்துக் காம்பை மேலே நெம்பும்போது மொத்தப் பாரமும் அந்த இடத்தில் விழுகிறது. அங்கே இரண்டு அங்குல வெல்டை நம்புவது பேராசை.

காந்தம் வைத்துப் பார்க்கும் பெரியவர்கள் இருக்கிறார்கள். பயன் இல்லை, நல்லதும் ஒட்டும், கெட்டதும் ஒட்டும். தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும் என்பதும் பாதிதான் உண்மை. விரிசலோ இளகிய ஒட்டோ இருந்தால் சத்தம் மழுங்கும், அவ்வளவுதான். மட்டமான இரும்பும் கணீரென்றே பேசும்.

இப்போது இடைத்தரகர்களுக்கு வருகிறேன். பங்குனி பிறந்துவிட்டால் வேனில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராக வருகிறார்களே, அவர்களைத்தான் சொல்கிறேன். அவர்கள் வாயில் வருகிற முதல் சொல் "லாரிப் பட்டை". அவர்கள் சொல்வதையெல்லாம் கூட்டினால் தமிழ்நாட்டில் ஓடுகிற லாரி ஒன்றுக்கும் ஸ்பிரிங் மிஞ்சாது. உண்மையிலேயே பட்டை இரும்புதானா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. பக்கத்து வெல்டிங் கடையில் சாணைச் சக்கரத்தில் ஓர் ஓரத்தைத் தொட்டு எடுக்கச் சொல்லுங்கள். சாதாரண இரும்பில் பொறிகள் நீளமாக, நேராக, கிளை அதிகம் இல்லாமல் ஓடும். கரிமம் கூடிய இரும்பில் பொறிகள் குட்டையாகி, நுனியில் மத்தாப்பூப் போல வெடித்துக் கிளைக்கும். ஒரு தடவை இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்துவிட்டால் பிறகு மறக்காது. இந்தச் சோதனைக்குச் சம்மதிக்காத தரகரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

உழவர் குழுவுக்கு மொத்தமாகத் தருகிறேன் என்று வருபவரிடம் இன்னும் கவனம் தேவை. மாதிரிக்குக் காட்டுவது அசல் சரக்காக இருக்கும், வந்து இறங்குவது வேறாக இருக்கும். கட்டைப் பிரித்து நடுவிலிருந்து நான்கைந்தை உருவி அரம் போட்டுப் பார்த்த பிறகே பணம் கொடுங்கள். மேலே இருப்பதைத் தொட வேண்டாம், அது காட்டுவதற்காகவே மேலே வைக்கப்பட்டது.

அடுத்த பொய், "பில் போட்டால் ஜிஎஸ்டி சேரும்" என்பது. மண்வெட்டி, சவல், களைக்கொத்து போன்ற கையால் இயக்கும் வேளாண் கருவிகள் ஜிஎஸ்டியில் 8201 என்ற குறியீட்டின்கீழ் வருகின்றன. அவற்றுக்கு வரியே இல்லை. வரி இல்லாத பொருளுக்கு வரியைக் காட்டிப் பயமுறுத்துகிறவர், நாளை பொருள் உடைந்தால் தன்னை அடையாளம் காட்டும் காகிதம் எதுவும் உங்கள் கையில் இருக்கக்கூடாது என்று நினைக்கிறார். பில் கேளுங்கள், பில்லில் எண்ணிக்கையோடு "ஒரே இரும்பில் அடித்தது, வெல்டு இல்லை" என்றும் எழுதச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் உங்களுக்கு விடை கிடைத்துவிட்டது.

ஸ்டிக்கர் கதை தனி. பெயர்பெற்ற கம்பெனிகளின் சின்னத்தைப் போலவே அச்சடித்து ஒட்டுவது சர்வ சாதாரணம். ஒட்டிய காகிதத்தை மதிக்காதீர்கள். இரும்பிலேயே அழுத்திப் பதித்த முத்திரையைத் தேடுங்கள். ஐஎஸ்ஐ முத்திரை இருக்கிறது என்றால் அதன் மேலே ஐஎஸ் எண்ணும் (இந்தியத் தரக்குறிப்பின் எண்), கீழே சிஎம்/எல் என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்க வேண்டும். அந்த உரிம எண்ணை, முத்திரை வழங்கும் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் 'பிஐஎஸ் கேர்' செயலியில் போட்டால் யாருக்குக் கொடுத்த உரிமம் என்று வந்துவிடும். எண் இல்லாத முத்திரை வெறும் படம்.

மண்வெட்டி வகைக்கு ஐஎஸ் 1759, சவலுக்கு ஐஎஸ் 274 என்று தரக்குறிப்புகள் காலங்காலமாக இருக்கின்றன. யாருக்குப் பயன்? கடைக்காரருக்குத் தெரியாது, வாங்குகிறவருக்கு யாரும் சொல்வதில்லை. மொத்தமாகக் கொள்முதல் செய்கிற இடங்களிலோ குறைந்த விலைப்புள்ளிக்கு முன்னால் வேறு எதுவும் நிற்பதில்லை. ஒப்பந்தப்புள்ளியில் தரத்தை எழுதக்கூடாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. எழுதுவார்கள், வந்து இறங்கிய சரக்கில் ஒன்றை எடுத்து அரம் போட்டுப் பார்க்கத்தான் ஆள் இருக்காது. பிறகு மானியத்தில் வந்த மண்வெட்டி மாட்டுக்கொட்டகையில் சாணி அள்ளக் கிடக்கிறது என்று நாமே நொந்துகொள்வோம். நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது. ஆனால் ஒரு மண்வெட்டிக்காக நடவை விட்டுவிட்டு யார் படியேறுவார்கள்? இதுவும் தரகருக்குத் தெரியும்.

ஒரு விதிவிலக்கை விரிவாகச் சொல்லியாக வேண்டும். மேலே சொன்னதெல்லாம் வெட்டுகிற வேலைக்கு. சேற்று வேலை வேறு. அண்டை கழித்து (வரப்பின் பக்கங்களைச் செதுக்கி) வரப்புக்குச் சேறு அணைப்பதற்கும், நாற்றங்காலில் மேடு பள்ளம் இழுப்பதற்கும் புதுக் கனத்த மண்வெட்டி உதவாது. பழைய டெல்டாவின் களிமண்ணைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரு வீச்சுக்கு ஒரு படி சேறு தகட்டிலேயே ஒட்டிக்கொண்டு வரும். பாதி உழைப்பு அதை உதறுவதில் போய்விடும். இந்த வேலைக்குப் பல போகம் உழைத்துத் தேய்ந்து, தகடு மெலிந்து, முகம் மெருகேறிய மண்வெட்டிதான் சரி. மெருகேறிய முகத்தில் சேறு ஒட்டுவது குறைவு. வண்ணம் பூசிய முகத்திலும் துருப்பிடித்துச் சொரசொரத்த முகத்திலும் அதிகம். வாய் சற்று மென்மையாக இருந்தாலும் பாதகம் இல்லை, சேற்றில் கல் ஏது? அனுபவப்பட்ட ஆட்கள் தங்கள் பழைய மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வருவது இதற்காகத்தான். உங்கள் புது மண்வெட்டியைக் கொடுத்து அதை வாங்கி ஓரமாக வைக்காதீர்கள். தேய்ந்ததைப் பழைய இரும்புக்கும் போடாதீர்கள். புதிதாக வாங்கி இதற்கே ஒதுக்குவதானால் வண்ணத்தை உப்புத்தாளால் முழுவதும் தேய்த்து எடுத்துவிட்டு, வேலை முடிந்ததும் கழுவித் துடைத்து எண்ணெய் தடவி வையுங்கள். பொட்டாஷ், யூரியா மூட்டைகளுக்குப் பக்கத்தில் சாத்தி வைத்தால் ஒரே மழைக்காலத்தில் முகம் புள்ளி புள்ளியாக அரித்துவிடும். பிறகு அந்த மெருகு திரும்ப ஒரு போகம் ஆகும்.

காம்பைத் தனியாக வாங்குங்கள். கடையில் மாட்டி வருவது பெரும்பாலும் ஈர மரம். காய்ந்ததும் சுருங்கி வளையம் ஆடும். கருவேலம் கிடைத்தால் வேறு யோசனை வேண்டாம். மரத்தின் நார் காம்பின் நீளத்தோடு நேராக ஓட வேண்டும், வளையத்தை ஒட்டிக் கணு இருக்கக்கூடாது. ஆடும் காம்பை இரவெல்லாம் தண்ணீரில் ஊறவைப்பது ஒரு நாள் கூத்து. காய்ந்தால் முன்னைவிட அதிகம் ஆடும். ஆப்பு அடியுங்கள்.

சவலைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. அது அள்ளுவதற்கான கருவி, நெம்புவதற்கு அல்ல. மண்வெட்டியாலோ கடப்பாரையாலோ இளக்கிய மண்ணை அள்ள மட்டும் கொடுத்தால் சுமாரான சவலே பல வருடம் வரும். வாங்கும்போது காம்பு நுழையும் குழலும் தகடும் ஒரே தகட்டிலிருந்து வளைத்ததா என்று பார்த்தால் போதும்.

எங்கே வாங்குவது? கைதேர்ந்த கொல்லுப்பட்டறை உங்கள் பக்கத்தில் இன்னும் உயிரோடு இருந்தால் அங்கேதான். தையறுவடை முடிந்து மாசியில் போங்கள். உலை ஓய்வாக இருக்கும், ஆளும் பொறுமையாக அடித்துக் கொடுப்பார். ஜூன் 12 மேட்டூர் திறப்பு என்று செய்தி வந்த பிறகு போனால் யாருக்கும் நின்று பேச நேரம் இருக்காது, துவைச்சலும் அவசரத் துவைச்சலாகத்தான் இருக்கும். வடமாநிலங்களிலிருந்து குடும்பத்தோடு வந்து சாலையோரம் உலை வைக்கிறவர்களிடம் வாங்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். கண்ணெதிரே அடிக்கிறார்கள் என்பது நல்ல விஷயம். அடித்த பிறகு வாயைத் துவைக்கிறார்களா, அப்படியே ஆறப் போடுகிறார்களா என்று நின்று பாருங்கள். ஆறப் போட்டால் வாங்காதீர்கள்.

இணையத்தில் வாங்குவது என்றால் ஒரே ஒரு மண்வெட்டியை முதலில் வரவழையுங்கள். வந்த அன்றே வளையத்தைத் தடவி, வாயில் அரம் போட்டுப் பாருங்கள். திருப்பி அனுப்பும் தேதி போவதற்குள் முடிவு செய்துவிட வேண்டும். படத்தில் அரம் போட முடியாது.

வளைந்து கிடக்கும் நான்கையும் பட்டறைக்குக் கொண்டு போங்கள். வளையம் ஒரே இரும்பாக இருப்பவற்றுக்குத் தேய்ந்த வாயை வெட்டிவிட்டுப் பட்டை இரும்பில் புது வாய் வைத்து அடித்துத் தரச் சொல்லலாம். ஆனால் கூலியை முதலில் கேளுங்கள், புதியதின் விலையில் பாதிக்கு மேல் போனால் வேண்டாம். வெல்டு வைத்தவற்றுக்குச் செலவு செய்யாதீர்கள். சுத்தியலால் தட்டி நிமிர்த்தி, சிமெண்ட் கலவை குழைக்கக் கொத்தனாரிடம் கொடுத்துவிடுங்கள். அந்த வேலைக்கு அவை தாங்கும். பெயர்ந்துபோனதை மறுபடி வெல்டு வைத்து ஆள் கையில் கொடுக்காதீர்கள், அடுத்த முறை அது கழன்று விழப்போவது அவர் கால்மேல்.