பாம்பு தின்னவில்லை, கடைக்காரர் போனை எடுக்கவில்லை

இந்த முறை பெங்களூரு வாசகர்களின் கடிதங்களில் ஐந்து, வளர்ப்புப் பாம்பைப் பற்றியவை. சுருக்கித் தருகிறேன்.

கேள்வி: மூன்று வாரத்துக்கு முன் பந்து மலைப்பாம்புக் குட்டி ஒன்று வாங்கினேன். கண்ணாடித் தொட்டி, சிவப்பு விளக்கு, மின்சாரத்தில் சூடேறும் சூட்டுக் கல் எல்லாம் சேர்த்து ‘முழு செட்’ என்று கொடுத்தார்கள். இன்னும் ஓர் எலி கூடத் தின்னவில்லை. தினமும் கையில் எடுத்துப் பழக்குகிறேன், சுருண்டுகொள்கிறது. குறையுள்ள பாம்பை என் தலையில் கட்டிவிட்டார்களா?
— அல்சூர் வாசகர்

பதில்: குறை பாம்பில் இல்லை, செட்டில் இருக்கிறது. மேற்கு ஆப்பிரிக்காவிலும் நடு ஆப்பிரிக்காவிலும் எலி வளைகளிலும் கறையான் புற்றுகளிலும் பகலைக் கழிக்கும் இனம் இது. பயந்தால் தலையை நடுவில் மறைத்துப் பந்தாகிவிடும். பெயரே அதனால்தான் வந்தது. படையையே நடுங்க வைக்கும் என்று நாம் சொல்லும் பாம்பு, ஒதுங்க ஓர் இடுக்குக்கூட இல்லாத கண்ணாடித் தொட்டியில் தானே நடுங்கிக் கிடக்கிறது.

முதலில் அந்தச் சூட்டுக் கல்லை அப்புறப்படுத்துங்கள். நான் முதன்முதலில் பாம்பு வளர்த்தபோது வாங்கியதும் அதே கல்தான். டிசம்பர் இரவுகளில் இங்கே குளிர் 15 டிகிரி வரை இறங்கும். தொட்டிக்குள் காற்று சில்லென்று இருக்க, கல் மட்டும் கொதித்தது. கதகதப்புக்காகப் பாம்பு அதன்மேலேயே கிடந்தது, வயிறு வெந்தது. எத்தனையோ முறை சட்டை உரித்தும் அந்தத் தழும்பு போகவில்லை. பாம்பின் இயல்பு அறியாமல் விற்பவரைக் கூட ஓரளவு மன்னிப்பேன். அறிந்தே இந்தக் கல்லைச் செட்டில் சேர்ப்பவரை மன்னிக்க முடியாது. அதன் விலைக்கு வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டை வாங்குங்கள். வெப்ப விரிப்பைத் தொட்டிக்கு வெளியே, ஒரு பாதியின் அடியில் மட்டும் வைத்து அதனுடன் இணையுங்கள். சூடான பக்கம் 31 முதல் 33 டிகிரி, மறுபக்கம் 26 டிகிரி அளவில் இருக்கட்டும். இரு பக்கமும் உடல் உரசும்படி இறுக்கமான மறைவிடம் ஒவ்வொன்று வேண்டும். தொட்டியின் மூன்று புறத்தையும் அட்டையால் மூடுங்கள்.

பிறகு ஒரு வாரம் தொடவே தொடாதீர்கள். அதன்பின் ஓர் இரவு, பாம்பின் உடலில் மிகப் பருத்த இடத்தின் தடிமனைத் தாண்டாத எலியைக் கொடுங்கள். உறைய வைத்த எலியை முழுவதும் உருகவிட்டு, வெந்நீரில் வெதுவெதுப்பாக்கி, நீண்ட இடுக்கியால் நீட்டுங்கள். மறுத்தால் எடுத்துவிட்டு ஒரு வாரம் பொறுங்கள். கண் மங்கி நீலம் பாரித்திருந்தால் சட்டை உரிக்கப் போகிறது; அப்போது தின்னாமல் இருப்பது இயல்பு. வளர்ந்த பாம்பு மாதக்கணக்கில் பட்டினி தாங்கும், குட்டி அப்படியல்ல. சமையலறைத் தராசில் வாரம் ஒருமுறை நிறுத்துப் பாருங்கள். எடை இறங்கிக்கொண்டே போனால் ஊர்வனவற்றைப் பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் போங்கள்.

இரண்டு மூன்று வேளை ஒழுங்காகத் தின்ற பிறகு கையில் எடுக்கலாம். மேலிருந்து கை நீட்டினால் பருந்து இறங்குவதுபோல அதற்குத் தோன்றும். பக்கவாட்டில் நடு உடம்பைத் தாங்கி, இரு கைகளாலும் எடுங்கள். ஐந்து நிமிடம் போதும். தின்ற பின் இரண்டு நாள் விட்டுவிடுங்கள். தொட்ட கையை சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

கேள்வி: உயிருள்ள எலியைத் தொட்டியில் விட்டுவிட்டு நாங்கள் தூங்கப் போகலாமா?
— விவேக்நகர்

பதில்: கூடாது. பசித்த எலி பாம்பைக் குதறிவிடும்.

கேள்வி: மகனின் பிறந்தநாள் அடுத்த சனிக்கிழமை. பிள்ளைகள் கையில் மாற்றி மாற்றி வைத்து விளையாட, சாதுவான பாம்பு எந்தக் கடையில் கிடைக்கும்?
— இந்திராநகர்

பதில்: சொல்ல மாட்டேன். 20 ஆண்டுகளுக்கு மேல் வாழக்கூடிய உயிரை ஒரு மாலைப்பொழுதுக்காக வாங்கக் கேட்கிறீர்கள். ஞாயிற்றுக்கிழமை அதை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று உங்கள் கடிதத்தில் ஒரு வரி கூட இல்லை.

கேள்வி: வெளிநாட்டுப் பாம்பு வேண்டாமென்றால் மண்ணுளிப் பாம்பு தருகிறேன், வீட்டுக்கு நல்லது என்கிறார் ஒருவர். வாங்கலாமா?
— ஸ்ரீராமபுரம்

பதில்: வாங்கினால் குற்றம். நம் நாட்டுப் பாம்புகளை 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் காக்கிறது. மண்ணுளிப் பாம்பு வீட்டுக்கு அதிர்ஷ்டம் தரும் என்பது முழுப் பொய்.

கேள்வி: பகுதிநேர வேலையில் சேர்த்த 18,000 ரூபாய் கொடுத்து பந்து மலைப்பாம்பு வாங்கினேன். “காகிதம் எதுவும் வேண்டாம்” என்றார் விற்றவர். பதிவு செய்ய வேண்டும் என்று இப்போது தோழி சொல்கிறாள். அவர் போனை எடுப்பதில்லை. பயமாக இருக்கிறது.
— கல்லூரி மாணவி, ஜாலஹள்ளி

பதில்: பயப்படாதீர்கள் அம்மா. ஏமாற்றியவர் அவர், உங்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. தோழி சொன்னது சரி. பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ள இனம் இது. 2024இல் வந்த விதிகளின்படி, கைக்கு வந்த 30 நாளுக்குள் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். 2023 செப்டம்பரில் நம் விமான நிலையத்தில் பாங்காக்கிலிருந்து வந்த பெட்டிகளில் 55 பந்து மலைப்பாம்புகள் பிடிபட்டன. காகிதமில்லாத குட்டி என்றால் இப்படிக் கடத்தி வந்ததோ என்ற ஐயம் எழத்தான் செய்யும்.

பணம் அனுப்பிய பதிவு, அவர் அனுப்பிய செய்திகள், படங்கள் அனைத்தையும் பத்திரப்படுத்துங்கள். ஒரு வழக்கறிஞரிடம் பேசிவிட்டு, மல்லேஸ்வரம் அரண்ய பவனில் உள்ள வனத்துறை அலுவலகத்துக்கு நீங்களே சென்று நடந்ததைச் சொல்லுங்கள். பணத்துக்கு 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யுங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரை வழக்குக் கட்டணம் கிடையாது. பயத்தில் ஏரிக்கரையிலோ தோப்பிலோ மட்டும் அதை விட்டுவிடாதீர்கள். இந்த ஊர்க் குளிரில் அது பிழைக்காது.