மூன்றே மாதத்தில் நின்ற பம்ப்

கூடுதல் திறனுள்ள வெளிக் கம்பெனி பெட்ரோல் பம்பை ஸ்போர்ட்ஸ் காரில் மாட்டி, மூன்றே மாதத்தில் கத்திப்பாராவில் வண்டி நின்றுவிட்டது, பம்ப் போலியா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இருக்கலாம். ஆனாலும் உடனே புது பம்ப் வாங்க, சென்னையின் உதிரிபாகக் கடைத்தெருவான ஜி.பி. ரோட்டுக்கு ஓடாதீர்கள். சாவியைத் திருப்பியதும் டேங்க் பக்கம் ஓரிரு விநாடி மெல்லிய முனகல் கேட்கிறதா? கேட்காவிட்டால் முதலில் ஃபியூஸையும், பம்புக்கு மின்சாரம் விடும் சுவிட்சான ரிலேயையும் பாருங்கள். அவை சரியென்றால், பம்பின் கனெக்டரைக் கழற்றாமலே பின்பக்கமாக மீட்டர் முனையைச் செருகி வோல்ட்டேஜைப் பாருங்கள். கழற்றிவிட்டு அளந்தால் அரித்துப்போன ஒயர்கூட 12 வோல்ட் காட்டும்; நானே அப்படி ஏமாந்து நல்ல பம்ப் ஒன்றைத் தூக்கி எறிந்திருக்கிறேன். பம்ப் இழுக்கும்போது 9 வோல்ட்டுக்கு இறங்கினால் குற்றவாளி ஒயரோ எர்த்தோதான். பெரிய பம்ப் அதிக ஆம்பியர் கேட்கும், பழைய மெல்லிய ஒயர் தாங்காது. கனெக்டர் பிளாஸ்டிக் பழுப்பேறி உருகியிருந்தால் வேறு சாட்சி வேண்டாம். தடித்த ஒயரும் தனி ரிலேயும் போடுங்கள்.

முழு வோல்ட்டேஜ் வந்தும் மோட்டார் அசையவில்லையா? பம்ப் போய்விட்டது. டேங்குக்குள் அதைக் குளிர்விப்பதே பெட்ரோல்தான். எப்போதும் ரிசர்விலேயே ஓட்டுபவரா நீங்கள்? அப்படியானால் சூட்டிலேயே பம்ப் போயிருக்கலாம். பம்பை மாற்ற டேங்கைத் திறக்கும் முன் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள்.