பர்ச்சேஸ் ஆர்டரில் 90 நாள் என்றால் 90 நாளா?

கேள்வி: தாராவியில் தோல் பை தைத்துக் கொடுக்கிறேன், தனி உரிமையாளர். டெல்லி கம்பெனி ஒன்றுக்கு மார்ச் 10 அன்று 400 பை இறக்கினேன். பில் 3,60,000 ரூபாய், முன்பணம் 1,00,000. 90 நாளில் பணம், சரக்கு பிந்தினால் வாரத்துக்கு 2 சதவீதம் வெட்டு, வழக்கு டெல்லியில் மட்டும் என்று ஆர்டரில் இருந்ததைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டேன். ஏப்ரல் 22-ல் 'தையல் சரியில்லை' என்று வாட்ஸ்அப் வந்தது. என்ன செய்வது?

பதில்: முதலில் உங்கள் உத்யம் சான்றிதழின் (சிறு தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு) தேதியைப் பாருங்கள். மார்ச் 10-க்கு முந்தையது என்றால் பாதிக் கவலை தீர்ந்தது. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டம் பிரிவு 15-ன்படி, எழுதிக்கொடுத்திருந்தாலும் கெடு 45 நாளைத் தாண்டாது. உங்களுக்கு அது ஏப்ரல் 24. அதன்பின் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் பேங்க் ரேட் என்ற வட்டி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, மாதாமாதம் கூட்டு வட்டியாக. சரக்கு இறங்கிய 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் வராவிட்டால் இறங்கிய நாளிலிருந்தே கெடு ஓடும்; 43-ஆம் நாள் வாட்ஸ்அப் அதை நிறுத்தாது. அந்த நாளை நிரூபிக்க, தேதி, சீல், கையெழுத்து உள்ள டெலிவரி சலான் வேண்டும். வெறும் லாரி ரசீது பலவீனமான சாட்சி.

'டெல்லியில் மட்டும்' என்பதும் இங்கே தடையில்லை. பிரிவு 18-ன் கீழ் சிறு தொழில்களின் பாக்கித் தகராறைத் தீர்க்கும் மகாராஷ்டிராவின் வசதிப்படுத்தும் கவுன்சிலில் ஆன்லைனில் மனு போடலாம். வாங்கியவர் இந்தியாவில் எங்கிருந்தாலும் சரி. தீர்ப்பை எதிர்த்துப் போக அவர்கள் தீர்ப்புத் தொகையில் 75 சதவீதம் கட்ட வேண்டும். பணம் கேட்டு அனுப்பும் நோட்டீசில் இன்னொரு வரியும் சேருங்கள்: கெடு தாண்டிய பணத்தை, அதைக் கொடுத்த ஆண்டில்தான் வாங்கியவர் வருமான வரியில் செலவாகக் கழிக்க முடியும். வக்கீல் மிரட்டலைவிட இது அவர்கள் ஆடிட்டரிடம் வேலை செய்யும்.

உத்யம் பிறகு எடுத்தது என்றால், பழைய சரக்குக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 2021-ல் சொன்னது; 2025-ல் அந்தக் கேள்வியைப் பெரிய அமர்வுக்கு அனுப்பியது. 2021 தீர்ப்பின்படி சாதாரண சிவில் வழக்குதான், டெல்லி ஷரத்தும் கடிக்கும். உத்யம் பதிவில் 'டிரேடிங்' அல்ல, 'உற்பத்தி' என்று இருக்க வேண்டும். பதிவு இலவசம், ஏஜென்டுக்குக் காசு கொடுக்காதீர்கள்.

2 சதவீத வெட்டு, ஒப்பந்தச் சட்டம் பிரிவு 74-ன்படி நியாயமான இழப்பீட்டுக்கு உச்சவரம்புதான். தானாக வெட்டிக்கொள்ளும் உரிமை அல்ல. ஆனால் 'கணக்கு முடிந்தது' என்று கிரெடிட் நோட் (பில் தொகையைக் குறைத்து நீங்கள் தரும் சீட்டு) கேட்பார்கள். அதில் கையெழுத்துப் போட்டால் இந்த வாதம் போச்சு.

அடுத்த ஆர்டரில் 'எல்லா நஷ்டத்தையும் சப்ளையரே ஈடு செய்வார்' என்ற வரியைத் தேடுங்கள். தனி உரிமையாளருக்குக் கடை வேறு, வீடு வேறு இல்லை. கடன் வீட்டுக்கும் வரும். 'பொறுப்பு அந்த பில் தொகைக்கு மேற்படாது' என்று பேனாவால் எழுதி, இரு தரப்பும் கையெழுத்திட்ட பிறகு தோலை வெட்டுங்கள்.