ஒளுவுக்கு ஒரு ஜக் தண்ணீர்

கேள்வி: என் தங்கைக்கு 22 வயது. ஒளு (தொழுகைக்கு முன் முகம், கை, கால் கழுவுவது) செய்யப் போனால் முக்கால் மணி நேரம் குழாயடியிலேயே நிற்கிறாள். தொழ நின்றால், ‘நிய்யத் (தொழும் எண்ணம்) சரியா வரல’ என்று, தொழுகையைத் தொடங்கும் தக்பீரைக் கலைத்துக் கலைத்துக் கட்டுகிறாள். தண்ணீரிலேயே கிடந்து கையெல்லாம் வெடித்துவிட்டது. கவுன்சலர் ஒருவர், “கொஞ்ச நாள் தொழுகையை நிறுத்தி வையுங்க” என்றார். அதோடு அங்கே வரவே மாட்டேன் என்கிறாள். உம்மாவோ ஈமான் (இறைநம்பிக்கை) குறைவு என்கிறார்கள். முஸ்லிம் கவுன்சலராகத்தான் தேட வேண்டுமா?
– வாசகி, மேலப்பாளையம்

பதில்: முதலில் உம்மாவுக்கு. ஈமான் குறைந்தவளுக்கு ஒளு கூடியதா (செல்லுபடியானதா) இல்லையா என்ற கவலை எப்படி வரும்? நீங்கள் சொல்வதைப் பார்த்தால் ஓசிடி என்கிற எண்ணச் சுழற்சி நோய் போலத் தெரிகிறது. மனநல மருத்துவர்தான் உறுதி செய்ய வேண்டும். யார் எதை உயிராக நினைக்கிறார்களோ, அதைப் பிடித்துக்கொள்வது இந்த நோயின் குணம். நம் ஆட்கள் வஸ்வாஸ் (மனதில் விழும் வீண் சந்தேகம்) என்பது பல நேரங்களில் இதைத்தான். 934-ல் மறைந்த அபூ ஸைத் அல்பல்கீ என்ற முஸ்லிம் அறிஞர் அப்போதே இதை மனதின் நோய்களில் ஒன்றாக வைத்து எழுதியிருக்கிறார்.

சந்தேகம் வரும்போது திரும்பக் கழுவாமல், பதற்றம் தானாக இறங்கும்வரை பொறுத்துப் பழகுவதுதான் இதற்கான பயிற்சி. அதற்குத் தொழுகையை ஏன் நிறுத்த வேண்டும்? எல்லையை மார்க்கமே போட்டு வைத்திருக்கிறது. உறுப்புகளைக் கழுவுவது மூன்று முறை, அதற்கு மேல் இல்லை. நபி (ஸல்) அவர்கள் ஒரு ‘முத்து’ (அந்தக் கால அரபு அளவை) தண்ணீரில் ஒளு செய்தார்கள் என்று ஹதீஸ் இருக்கிறது. ஏறக்குறைய முக்கால் லிட்டர். ஒளு முறிந்ததோ என்று சந்தேகம் வந்தால், காற்றுப் பிரிந்த சத்தமோ வாடையோ தெரியாதவரை தொழுகையை விட்டுப் போகக்கூடாது என்பதும் ஹதீஸ்தான். விவரம் தெரிந்த கவுன்சலர் இவற்றையே பயிற்சியாக்கிவிடுவார்: குழாயை மூடிவிட்டு, ஒரு ஜக்கில் அளந்த தண்ணீர், தீர்ந்ததும் நேரே தொழுகைப் பாய்க்கு.

ஆனால், ஒன்றில் கவனம். தினமும் ஆலிம்சாவுக்கு (மார்க்க அறிஞருக்கு) போன் போட்டு “கூடுமா?” என்று கேட்பதும், “ராத்தா (அக்கா), சரியாத்தானே செஞ்சேன்?” என்று உங்களைத் துளைப்பதும் அதே நோயின் இன்னொரு வேஷம்தான். நம்பிக்கையான ஒரே ஆலிமிடம் ஒரே தடவை கேட்டு, எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு அவள் கேட்டால், “ஆலிம்சா சொன்னது உனக்கே தெரியும்” என்பதோடு நிறுத்துங்கள். கல்நெஞ்சக்காரி என்பாள். என்றாலும் இளகாதீர்கள். எந்த அளவுக்கு விட்டுப்பிடிப்பது என்பதைக் கவுன்சலரிடம் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

முஸ்லிம் கவுன்சலர்தான் வேண்டும் என்பதில்லை. பயான் (மார்க்கச் சொற்பொழிவு) மட்டும் செய்து அனுப்பும் முஸ்லிம் கவுன்சலரால் என்ன பயன்? முன்பதிவு செய்யும்போதே இரண்டு கேள்வி கேளுங்கள்: “ஓசிடிக்குப் பயிற்சி முறையில் சிகிச்சை தருவீர்களா? தேவைப்பட்டால் எங்கள் ஆலிம்சாவிடம் பேசுவீர்களா?” இரண்டுக்கும் சரி என்றால், அவர் யாராக இருந்தால் என்ன?

குர்ஆன் ஓதிப் பார்ப்பதாக இருந்தால் பாருங்கள், சிகிச்சையை விட்டுவிட்டு வேண்டாம். மருந்து எழுதினால், ரமளானில் தானாக நிறுத்தாமல் நோன்பு திறக்கும் இஃப்தாருக்கோ, விடியுமுன் சாப்பிடும் ஸஹருக்கோ நேரத்தை மாற்றித் தரச் சொல்லுங்கள். உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. அதற்கு முன் பேசிப் பார்க்க அரசின் மனநல உதவி எண்ணான 14416-ஐ அழையுங்கள், கட்டணம் கிடையாது. வெடித்த கையையும் அந்த மருத்துவமனையிலேயே தோல் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.