கேடயத்துக்கு முன் பஸ் கட்டணம்: டீச்சரிடம் கேள்வி பதில்

வடசேரியில் ஒரு வாடகை அறையில் நான்கு பேருடன் போர்டு கேம் கூட்டம் நடத்தத் தொடங்கிப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. இப்போது மார்த்தாண்டம், தக்கலை, குளச்சல் என்று குமரி மாவட்டத்தில் பல ஊர்களில் ஞாயிற்றுக்கிழமைகளில் இப்படிக் கூடுகிறார்கள். எங்கும் சம்பளம் இல்லாமல்தான் யாரோ ஒருவர் இதை நடத்துகிறார். அவர்களை எப்படிக் கௌரவிப்பது என்று ஆளாளுக்குக் கேட்டுக்கொண்டிருந்ததால், ஒரே நாளில் எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன் என்றேன். கேள்விகள் வந்த வரிசையிலேயே இருக்கின்றன.

மார்த்தாண்டம்: டீச்சர், எங்கள் கூட்டத்தை நடத்தும் அண்ணனுக்கு ஆண்டு விழாவில் பொன்னாடை போர்த்திக் கேடயம் கொடுக்கப் போகிறோம். 3,000 ரூபாய் சேர்ந்திருக்கிறது. எந்த மாதிரிக் கேடயம் நன்றாக இருக்கும்?

கேடயத்தை ஓரமாக வையுங்கள். இந்த ஒரு வருடத்தில் அந்த அண்ணன் கைக்காசு எவ்வளவு போட்டிருக்கிறார் என்று யாராவது கேட்டீர்களா? விதிகளைச் சுருக்கி எழுதி நகல் எடுத்தது, இரண்டு பெரிய பைகளோடு பஸ் ஏற முடியாமல் ஐப்பசி மழையில் ஆட்டோ பிடித்தது, தொலைந்த பகடைக்கும் கிழிந்த அட்டைக்கும் மாற்று வாங்கியது, வராதவர் பங்குக்கும் சேர்த்து அறை வாடகை கட்டியது. அவரிடம் கேட்டால் "பரவாயில்லை" என்பார். அந்தப் பதிலோடு திரும்பிவிடாதீர்கள். இரண்டு பேர் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, மாதம் மாதமாக நினைவுபடுத்தி எழுதுங்கள். வரும் தொகையை உறையில் போட்டு முதலில் கொடுங்கள். செலவைத் திருப்பித் தராமல் பொன்னாடை போர்த்துவது, கடன் கொடுத்தவருக்குப் பணத்துக்குப் பதில் மாலை போடுவது போன்றது.

இனிமேல் அந்தக் கடன் சேராமலும் பார்த்துக்கொள்ளுங்கள். தலைக்கு 50 ரூபாய் வசூலித்தால், 30 பேருக்கு 1,500. அதில் முதல் வரியாக நடத்துபவரின் பயணமும் நகல் செலவும் எழுதப்படட்டும். வாடகையும் தேநீரும் அதற்குக் கீழே வரட்டும். கடைசி வரியில் எழுதினால் அதற்குப் பணம் மிஞ்சாது. அனுபவத்தில் பார்த்ததைச் சொல்கிறேன்.

இன்னொன்றையும் கவனியுங்கள். அவர் கடைசியாக எப்போது விளையாடினார்? புதியவர்களுக்குக் கட்டான் என்ற விளையாட்டைச் சொல்லிக்கொடுப்பார். ஆள் குறைகிற மேசையில், தனக்குப் பிடிக்காத விளையாட்டானாலும் நான்காவது ஆளாக உட்காருவார். நடுவில் கரண்ட் போனால் எழுந்து ஓடுவதும் அவர்தான். விளையாட்டின் மேல் உள்ள ஆசையால்தான் இந்த வேலைக்கே வந்தார். வேலை அந்த ஆசையைத் தின்றுவிட்டது. மாதத்தில் ஒரு ஞாயிறு பதிவேட்டையும் சாவியையும் வேறு ஒருவர் வாங்கிக்கொள்ளட்டும். அன்று அவர் தேர்ந்தெடுத்த விளையாட்டை, அவர் கேட்ட ஆட்களோடு, நான்கு மணி நேரம் யாரும் கூப்பிடாமல் ஆடட்டும். எனக்குத் தெரிந்த நல்ல பரிசு இதுதான்.

குளச்சல்: கடல் காற்றில் அட்டைகள் நமத்து வளைந்துவிடுகின்றன. என்ன செய்யலாம்?

இன்றைய பொருள் அதுவல்ல. இருந்தாலும் சொல்கிறேன்: அட்டைகளுக்கு உறை போடுங்கள், இறுக மூடும் பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள், வெயிலில் காயவைக்காதீர்கள்.

நாகர்கோவில், கல்லூரி மாணவி: எங்களைப் போன்ற தன்னார்வலர்களுக்குச் சான்றிதழ் தருவது பயன்படுமா டீச்சர்?

"சிறப்பாகப் பணியாற்றினார்" என்று தங்க நிற ஓரம் போட்ட தாள் எதற்கும் உதவாது மக்களே. கடிதம் உதவும். "ஜூன் முதல் மார்ச் வரை பத்துக் கூட்டங்களை நடத்தினார், ஒவ்வொன்றிலும் 25 முதல் 35 பேர், வரவு செலவுக் கணக்கு வைத்திருந்தார், முதல் முறை வந்தவர்களுக்கு ஆறு விளையாட்டுகளின் விதிகளைக் கற்றுக்கொடுத்தார், ஒரு மேசையில் வந்த சண்டையைப் பேசித் தீர்த்தார்." நேர்காணலில் இதைப் படிப்பவருக்கு உன்னைப் பற்றி ஏதோ தெரியும். கூட்டத்தை உண்மையாகவே பார்த்த ஒருவர் எழுதிக் கையெழுத்திட வேண்டும். நீயே எழுதிக் கையெழுத்து மட்டும் வாங்கிக்கொள்ளாதே. நாட்டு நலப்பணித் திட்டத்தின் மணிக்கணக்கில் இது சேருமா என்று அடுத்துக் கேட்பாய். அதை உன் கல்லூரித் திட்ட அலுவலரிடம் கேள்.

தக்கலை, மென்பொருள் பணியாளர்: நான் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் நடத்துகிறேன்; ஒருவர் கதையை நடத்த, மற்றவர்கள் அதில் கதாபாத்திரங்களாக ஆடும் விளையாட்டு அது. நமக்கும் ஒரு புள்ளி முறை வேண்டும் டீச்சர். இத்தனை கூட்டம் நடத்தினால் இத்தனை புள்ளி என்று இருந்தால் பாரபட்சம் இருக்காது.

இதற்கு நல்ல முன்மாதிரி இருக்கிறது. பெய்ஸோ நிறுவனம் 2008இல் தொடங்கிய பாத்ஃபைண்டர் சொசைட்டி என்ற இதே வகைக் கதை விளையாட்டு அமைப்பில், கதை நடத்துபவர் 10 ஆட்டம் முடித்தால் ஒரு நட்சத்திரம். 30, 60, 100 என்று ஏறி, ஐந்தாவதற்கு 150 ஆட்டமும் கூடுதல் நிபந்தனைகளும். ஆனால் எனக்கு அதில் பிடித்தது நட்சத்திரம் அல்ல. ஓர் ஆட்டத்தை நடத்தியவர், அதன் பலனைத் தன் சொந்தக் கதாபாத்திரம் ஒன்றுக்குச் சேர்த்துக்கொள்ளலாம். மற்றவர்கள் விளையாடிய நேரத்தில் அவர் உழைத்தார். அதனால் அவருடைய கதாபாத்திரம் பின்தங்கிவிடக் கூடாது. இழந்ததையே திருப்பித் தருகிறார்கள். மார்த்தாண்டத்துக்குச் சொன்னதும் இதைத்தான்.

புள்ளியில் ஒரு ஆபத்து உண்டு. மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் மூவரும் 1973இல் வெளியிட்ட ஆய்வு இது. படம் வரைய விரும்பும் மழலையர் பள்ளிக் குழந்தைகளில் ஒரு பிரிவிடம், வரைந்தால் ரிப்பன் ஒட்டிய சான்றிதழ் தருவதாக முன்கூட்டியே சொன்னார்கள். இன்னொரு பிரிவுக்குச் சொல்லாமல், வரைந்து முடித்தபின் கொடுத்தார்கள். மூன்றாம் பிரிவுக்கு எதுவும் இல்லை. சில நாள் கழித்து, யாரும் சொல்லாதபோது யார் வரைகிறார்கள் என்று பார்த்தால், முன்கூட்டியே ஆசை காட்டப்பட்ட குழந்தைகள் மற்றவர்களைவிடப் பாதி நேரம்தான் வரைந்தார்கள். எதிர்பாராமல் பரிசு பெற்ற குழந்தைகளின் ஆர்வம் குறையவில்லை. ஆகவே பரிசு கொடுங்கள், விலைப்பட்டியல் போடாதீர்கள்.

திருவட்டாறு: தக்கலை அண்ணன் சொல்லும் புள்ளி, மேசையில் உட்கார்ந்து கதை நடத்துபவருக்குத்தான் வரும். மாதாமாதம் 30 பேருக்குக் கட்டன்சாயாவும் பழம்பொரியும் செய்து தருவது என் அம்மா. சாவி வாங்கி, பெருக்கி, திருப்பிக் கொடுப்பது அப்பா. அவர்களுக்கு எத்தனை புள்ளி?

இந்தக் கேள்வி என்னைச் சுட்டது. எங்கள் முதல் ஆண்டு விழாவில், போட்டியை நடத்திய இளைஞரை மேடையேற்றிப் பாராட்டினோம். அறையின் சாவியை வைத்திருந்த அக்கா, ஞாயிறு காலை நாங்கள் வருவதற்கு முன்பே வந்து நாற்காலி துடைத்துப் போட்டுவிடுவார். அவர் பெயரை யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அவர் கோபப்படவில்லை, அடுத்த வாரத்திலிருந்து வரவில்லை, அவ்வளவுதான். இரண்டு மாதம் இடமில்லாமல் அலைந்தோம். இடம் போனதைவிட, வீட்டுக்குச் சென்று மன்னிப்புக் கேட்டபோது அவர் "எனக்கு அதெல்லாம் எதுக்கு டீச்சர்" என்று சொல்லித் தலையைத் திருப்பிக்கொண்டதுதான் இன்றும் வலிக்கிறது.

தக்கலை, மீண்டும்: அதனால்தான் அளக்க வேண்டும் என்கிறேன் டீச்சர். தேநீருக்கும் புள்ளி, சாவிக்கும் புள்ளி. அளக்காவிட்டால் யார் நெருக்கமோ அவருக்குப் போகும். முன்பு நான் இருந்த ஒரு குழுவில் 40 கூட்டம் நடத்தினேன். கேடயம் இடம் கொடுத்தவரின் மருமகனுக்குப் போனது. அவர் மூன்று முறைதான் வந்திருந்தார்.

திருவட்டாறு, மீண்டும்: அண்ணனுக்கு நடந்தது அநியாயம். ஆனால் அம்மாவின் சாயாவுக்குப் புள்ளி போட்டால், "நான் என்ன வேலைக்காரியா?" என்று கேட்பாள். வீட்டுக்கு வரும் பிள்ளைகளுக்குக் கொடுப்பதாக நினைத்துத்தான் செய்கிறாள்.

கொல்லங்கோடு: எத்தனை சாயா ஓர் ஆட்டத்துக்குச் சமம்? அதை யார் முடிவு செய்வது?

கொல்லங்கோட்டின் கேள்விக்கு விடை இல்லை. அதனால்தான் தரவரிசையை எதிர்க்கிறேன். ஆனால் தக்கலை சொல்வதில் பாதி சரி; சற்று முன் நான் அதை முழுதாக ஒதுக்கியது தவறு. பதிவு இல்லாத இடத்தில் மருமகன்களுக்குத்தான் கேடயம் போகும். ஆகவே எழுதுங்கள், கூட்டிப் பார்க்காதீர்கள். ஒரு கோடு போட்ட நோட்டு போதும். தேதி, வந்தவர் எண்ணிக்கை, கதவு திறந்தவர், கற்றுக்கொடுத்தவர், சாயா போட்டவர், கடைசியில் பெட்டிக்குள் விளையாட்டுத் துண்டுகளை எண்ணி வைத்தவர். வருடக் கடைசியில் அந்த நோட்டைத் திறந்து எல்லாப் பெயரையும் வாசியுங்கள். யாருக்கும் எண் வேண்டாம், முதலிடம் வேண்டாம்.

பெயர் சிறிய விஷயம் என்று நினைக்காதீர்கள். 1988இல் நியூரம்பெர்க் பொம்மைக் கண்காட்சியின்போது, விளையாட்டுகளை உருவாக்கும் வடிவமைப்பாளர்கள் சிலர் ஒன்றுகூடி, பீர் குவளைக்கு அடியில் வைக்கும் அட்டையில் கையெழுத்திட்டார்கள்: பெட்டியின் மேல் எங்கள் பெயர் அச்சாகாவிட்டால் எங்கள் விளையாட்டைத் தர மாட்டோம். இன்று பெட்டியின் மேல் பெயர் பார்த்து வாங்குகிறோமே, அதன் பின்னால் அந்த அட்டை இருக்கிறது.

நம் ஊர்க் கொடை விழாவிலும் இது உண்டு. வில்லிசைக்கு நோட்டீஸில் பாடுபவர் பெயர்தான் பெரிதாக வரும். ஆனால் நல்ல புலவர் கதைக்குள் போகும் முன், குடம் அடிப்பவர், உடுக்கை வாசிப்பவர், தாளம் போடுபவர், கட்டை தட்டுபவர் என்று ஒவ்வொருவரையும் ஊர் பெயரோடு சபைக்கு அறிமுகம் செய்வார். குடம் அடிப்பவரைத் தரவரிசையில் எங்கே வைப்பது என்று யாரும் கேட்பதில்லை. அவர் இல்லாமல் பாட்டே நடக்காது என்பது சபைக்குத் தெரியும்.

இந்த வாதத்தில் இன்னும் பதினேழு பேர் எழுதியிருக்கிறீர்கள். காத்திருப்பவர்களுக்காக இங்கே நிறுத்துகிறேன்.

திங்கள்சந்தை: ஒருங்கிணைப்பாளருக்குக் கேடயம் கொடுப்பது நல்லதா, பொன்னாடை நல்லதா?

முதல் பதிலைப் படியுங்கள். செலவைத் திருப்பிக் கொடுத்துவிட்டீர்களா?

குழித்துறை: மாதம் ஒரு தொகை சம்பளமாகவே கொடுத்துவிட்டால் என்ன?

கொடுக்க முடிந்தால் வெளிப்படையாகக் கொடுங்கள், தவறே இல்லை. செஸ் போட்டிகளில் நடுவருக்கு மதிப்பூதியம் உண்டு, அதனால் அவர் மரியாதை குறைந்துவிடவில்லை. ஆனால் சம்பளம் கொடுத்தால் அது வேலை. நேரம், பொறுப்பு, விடுப்பு எல்லாம் முன்பே பேசப்பட வேண்டும். தன்னார்வலர் என்று பெயர் வைத்துக்கொண்டு, ஊழியரிடம் எதிர்பார்ப்பதை எல்லாம் எதிர்பார்த்து, கூலியாகப் பரிசுப் பொருள் கொடுக்கும் நடுவழிதான் கெட்டது. மேஜிக் அட்டை விளையாட்டின் நடுவர்கள் சிலர், நாங்கள் உண்மையில் ஊழியர்களே என்று சொல்லி 2016இல் அமெரிக்காவில் வழக்கே தொடுத்தார்கள். குறிப்பாக, நுழைவுக் கட்டணத்தில் லாபம் எடுக்கும் கடைக்காரர்களுக்குச் சொல்கிறேன்: உங்கள் லாபத்துக்கு உழைப்பவருக்குக் கேடயம் போதாது.

ஆரல்வாய்மொழி: கேடயம் எங்கே மலிவாகச் செய்யலாம்?

மூன்றாவது முறை. பஸ் கட்டணத்தைக் கொடுத்துவிட்டு வந்து கேளுங்கள்.

பூதப்பாண்டி: குழுவைச் சங்கமாகப் பதிவு செய்ய எத்தனை பேர் வேண்டும்?

தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975இன்படி குறைந்தது ஏழு பேர். மற்றவற்றைத் தணிக்கையாளரிடம் கேளுங்கள். நான் கணக்குப் பாடம் எடுத்தவள், சட்டம் அல்ல.

சுசீந்திரம்: எங்கள் ஒருங்கிணைப்பாளர் மேடை என்றாலே ஒளிந்துகொள்வார். வற்புறுத்தலாமா?

கூடாது. கூச்சமுள்ளவரை ஒலிபெருக்கி முன் நிறுத்துவது அவருக்குத் தண்டனை. அவர் கற்றுக்கொடுத்து இன்று மற்றவர்க்குக் கற்றுக்கொடுக்கிற அளவுக்கு வளர்ந்தவர்கள் உங்களில் இருப்பார்கள். அந்த ஒவ்வொருவரும் எந்த நாள், எந்த மேசை, என்ன ஆட்டம் என்று நினைவிலிருந்து நான்கு வரி கையால் எழுதிக் கொடுங்கள். தோவாளையில் ஒரு முழம் பிச்சிப் பூ வாங்கி அந்தத் தாள்களைச் சேர்த்துக் கட்டி, அவர் வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வாருங்கள். படம் எடுக்காதீர்கள்.

திருவட்டாறு, கடைசியாக: டீச்சர், அடுத்த மாதக் கூட்டத்தின் நோட்டீஸில் அம்மா, அப்பா பெயரைப் போடலாமா?

நோட்டீஸ் புதன்கிழமை அச்சுக்குப் போகிறது. செவ்வாய் இரவுக்குள் இருவரிடமும் சம்மதம் கேட்டு, தலைப்பெழுத்தோடு சரியாக எழுதி அனுப்பு. மற்ற ஊர்க்காரர்களும் அப்படியே அனுப்புங்கள். கதவு திறப்பவர், சாயா போடுபவர், துண்டு எண்ணுபவர் எல்லோரும். ஒரு பக்கத்தில் அடங்காவிட்டால் இரண்டு பக்கமாக அடிப்போம்.