வைகை மணலில் ரோமானியக் காசு

கேள்வி: பாண்டிய மன்னர் ரோமப் பேரரசர் அகஸ்டசுக்குத் தூது அனுப்பினார் என்று எங்கள் ஊர் விழாவில் ஒருவர் பேசினார். இதற்குச் சான்று உண்டா?
– வாசகி, திருமங்கலம்

பதில்: கிரேக்க ஆசிரியர் ஸ்ட்ராபோவின் நூலில் சான்று உண்டு. இந்தியாவில் பாண்டியன் என்னும் ஒரு மன்னரிடமிருந்து அகஸ்டசுக்குப் பரிசுகளும் தூதுக்குழுவும் வந்தன என்று எழுதும் அவர், அம்மன்னரைப் போரஸ் என்று கூறுவாரும் உண்டு என்பதையும் அங்கேயே குறிப்பிடுகிறார். நம் மேடைகளில் இந்தப் பிற்பகுதி விடுபட்டுவிடுவது எனக்கு வருத்தமே. இந்திய மன்னர்களின் தூதர்கள் தம்மிடம் பலமுறை வந்தனர் என்று அகஸ்டசும் தம் சாதனைக் கல்வெட்டில் கூறுகிறார். ஆனால் எந்த மன்னர் என்று பெயர் சொல்லவில்லை. ஆகவே பாண்டியர் தூது நடந்திருக்கக்கூடியது என்ற அளவில் நிறுத்திக்கொள்வதே முறை.

வணிகத்தில் இந்த ஐயத்துக்கு இடமில்லை. கி.பி. 77இல் தம் நூலை முடித்த ரோமானிய எழுத்தாளர் பிளினி, பாண்டியன் துறைமுகத்திலிருந்து வெகுதொலைவில், ‘மொதுரா’ என்னும் உள்நாட்டு நகரில் இருந்து ஆண்டான் என்று எழுதியிருக்கிறார். அது நம் மதுரைதான். சேரர் துறைமுகமான முசிறியை அடுத்துக் கடற்கொள்ளையர் இருப்பதாலும், அங்கே கப்பல் கரையிலிருந்து எட்டி நிற்க வேண்டியிருப்பதாலும், பாண்டியனின் மேற்குக் கடற்கரைத் துறையான பக்கரேயே வசதியானது என்று அவர் வணிகர்களுக்கு வழிகாட்டுகிறார். மரத்தைக் குடைந்து செய்த தோணிகளில் மிளகு அத்துறைக்கு வந்து சேர்ந்தது. எகிப்திலிருந்து கோடையின் நடுவில் புறப்பட்ட கப்பல்களை இந்தியக் கரைக்குத் தள்ளிவந்தது தென்மேற்குப் பருவக்காற்று. அம்மியும் பறக்கும் என்று நாம் சொல்லும் அதே ஆடிக்காற்று. இந்தியாவுக்கு ஆண்டுதோறும் 5 கோடி செஸ்டர்ஸ் (ரோமானிய நாணயம்) போய்விடுகிறது என்று பிளினி மனம் நொந்தாலும், கிழக்கிலிருந்து வந்த சரக்குகளின் மதிப்பில் நாலில் ஒரு பங்கை ரோமானிய அரசு சுங்கமாக எடுத்துக்கொண்டது. இவ்வுறவு தழைக்கத் தூதர்களைவிட அந்த வரும்படியே பெரிய காரணம் என்பது என் கருத்து.

கேள்வி: வைகை ஆற்றில் கிடைத்த ரோமானியக் காசுகள் மிளகுக்கு விலையாக வந்தவையா?
– வாசகர், சோழவந்தான்

பதில்: இல்லை. மிளகுக்கும் முத்துக்கும் ஈடாக வந்தவை முதன்மையாகப் பொன், வெள்ளி நாணயங்கள். மதுரையில் வைகைப் படுகையில் கிடைத்த செப்புக் காசுகளில் பெரும்பாலானவை கி.பி. 4, 5ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. நாணயம் சேகரிக்கும் நண்பர் ஒருவர் அவற்றில் ஒன்றை என் உள்ளங்கையில் வைத்தார். விரல் நகத்தளவே இருந்தது. சாய்த்துப் பிடித்தபோதுதான் பேரரசரின் தலை மங்கலாகத் தெரிந்தது. ஒரு பிடி மிளகுக்குக்கூட இவ்வளவு சிறிய காசை யாரும் கடல் கடந்து எடுத்துவந்திருக்க மாட்டார்கள். மதுரையில் தங்கிய அயல்நாட்டு வணிகர்களின் கைச்செலவுக் காசு என்பர் சிலர். இலங்கையிலும் இத்தகையவை ஏராளமாகக் கிடைத்திருப்பதோடு, அவற்றைப் பார்த்து அங்கேயே வார்த்த காசுகளும் இருப்பதால், உள்ளூர்க் கடைத்தெருவில் சில்லறையாகவே இவை புழங்கின என்று நான் கருதுகிறேன். அந்தக் காசின் விளிம்பு முழுவதும் தேய்ந்து வழவழப்பாக இருந்தது.