32 துண்டுக் கருப்பு வெள்ளைக் கால்பந்து இப்போது ஏன் உலகக் கோப்பையில் வருவதில்லை?

கால்பந்தை வரையச் சொன்னால் எல்லோரும் கருப்பு ஐங்கோணங்கள் பதித்த வெள்ளைப் பந்தையே வரைகிறோம், ஆனால் பெரிய போட்டிகளில் அந்தப் பந்தைக் காணவே முடிவதில்லையே என்று கேட்டிருக்கிறீர்கள். பன்னிரண்டு ஆண்டுகள் கோல்கீப்பராக ஆடிவிட்டு இப்போது காலை வேளைகளில் பிள்ளைகளுக்குப் பயிற்சி தருகிறவன் என்பதால், இந்தக் கேள்வி எனக்கு மிகவும் நெருக்கமானது. பந்துக்குப் புகழ் சேர்ப்பது அதன் மேலுள்ள வண்ணம். அது காற்றில் எப்படிப் போகும் என்பதை முடிவு செய்வது அதன் தையல். வண்ணம் 1970-லேயே மக்கள் மனத்தில் நிலைத்துவிட்டது, தையல் மட்டும் மாறிக்கொண்டே வந்திருக்கிறது.

1970-இல் மெக்சிகோவில் நடந்த உலகக் கோப்பைக்கு அடிடாஸ் நிறுவனம் தந்த பந்தின் பெயர் டெல்ஸ்டார். அந்தப் போட்டி வண்ணத்தில் ஒளிபரப்பானாலும் பெரும்பாலான வீடுகளில் இருந்தவை கருப்பு வெள்ளைப் பெட்டிகளே. பழுப்பு நிறத் தோல் பந்து அவற்றின் திரையில் புல்லோடு கலந்துவிடும் என்பதால், 20 அறுகோணங்களை வெள்ளையாகவும் 12 ஐங்கோணங்களைக் கருப்பாகவும் அமைத்தார்கள். 32 துண்டு அமைப்பு அடிடாஸின் கண்டுபிடிப்பு அன்று. டென்மார்க்கின் முன்னாள் கோல்கீப்பர் எய்கில் நீல்சன் தொடங்கிய செலக்ட் நிறுவனம் 1962-லேயே அப்படிப்பட்ட பந்தைச் செய்திருந்தது. அதை உலகமே ஒரே நேரத்தில் பார்க்கச் செய்தது தொலைக்காட்சிதான்.

அந்த அமைப்பின் அழகு அதன் கணக்கில் இருக்கிறது. மூன்று அறுகோணங்கள் ஒரு புள்ளியில் சேர்ந்தால் 120 பாகை வீதம் மொத்தம் 360 பாகை ஆகிவிடும். தரையில் பதித்த ஓடு போலத் தட்டையாகவே கிடக்கும், வளையாது. ஒன்றை எடுத்துவிட்டு 108 பாகை கொண்ட ஐங்கோணத்தை வைத்தால் கூட்டுத்தொகை 348 ஆகிறது. குறைகிற அந்த 12 பாகைதான் பரப்பை வளைக்கிறது. பந்தில் இப்படி 60 முனைகள் இருப்பதால் மொத்தக் குறைவு 720 பாகை. ஒரு கூடு முழுமையாக மூடிக்கொள்ளத் தேவையானதும் மிகச் சரியாக அவ்வளவே. பிரிட்டனில் கால்பந்து அரங்குகளுக்கு வழிகாட்டும் சாலைப் பலகைகளில் உள்ள பந்து முழுவதும் அறுகோணங்களாலேயே வரையப்பட்டிருக்கிறது. அப்படி ஒரு பந்தைச் செய்யவே முடியாது என்று 2017-இல் அங்கே ஆயிரக்கணக்கானோர் கையெழுத்திட்டு மனு கொடுத்தார்கள், அரசு மாற்ற மறுத்துவிட்டது. மனு கொடுத்தவர்கள் பக்கமே நான்.

சென்ற ஆண்டு, காற்று நிற்காமல் போன ஒரு கைத்தையல் பந்தை மேசைமேல் வைத்து வெட்டிப் பார்த்தேன். மேலே செயற்கைத் தோல், அதன் அடியில் ஒட்டப்பட்ட துணி அடுக்குகள், நடுவில் காற்றை அடைத்து வைக்கும் ரப்பர் பை, அதாவது பிளாடர், அதன் வாயில் வால்வு. தையலின் உட்புற விளிம்புகள் எல்லாம் உள்ளே மடிந்து வரப்பு வரப்பாக நின்றன. தைப்பவர் துண்டுகளை மரக் கிட்டியில் இறுக்கி முழங்கால்களுக்கு இடையே வைத்துக்கொண்டு, மெழுகு பூசிய ஒரே நூலின் இரு முனைகளிலும் ஊசி கோத்து, இரு கைகளாலும் எதிரெதிராக இழுத்துத் தைக்கிறார். பந்து உட்புறம் வெளியே தெரியும்படியே தைக்கப்பட்டு, கடைசியில் திருப்பப்பட்டு, பிளாடர் வைக்கப்பட்டு, எஞ்சிய சிறு திறப்பு வெளியிலிருந்து மூடப்படுகிறது. அந்த இறுதி முடிச்சையும் ஊசியாலேயே உள்ளே இழுத்து மறைத்துவிடுகிறார்கள். என் பந்தில் அந்த முடிச்சைத் தேடிக் கண்டுபிடிக்க எனக்கு வெகுநேரம் ஆனது. அறுநூறுக்கு மேற்பட்ட தையல்கள் கொண்ட இத்தகைய பந்துகளில் மிகப் பெரும்பகுதியைப் பாகிஸ்தானின் சியால்கோட் நகரமும் அதன் சுற்றுவட்டாரமும் உலகுக்குத் தந்தன. பிரிவினையின்போது அங்கிருந்து வந்த தொழிலாளர்களால் ஜலந்தரிலும் இத்தொழில் வளர்ந்தது. சியால்கோட் தையலில் குழந்தைகளும் அமர்த்தப்பட்டிருந்தார்கள் என்பதையும், அதை நிறுத்த 1997-இல் அட்லாண்டாவில் ஓர் ஒப்பந்தம் செய்யவேண்டியிருந்தது என்பதையும் மறைத்துவிட்டு இந்தக் கைத்திறனைப் பாராட்ட எனக்கு மனம் வரவில்லை.

கைத்தையலின் குறை, ஒரு பந்தைப் போல மற்றொன்று அமையாது என்பதும், ஊசித் துளை வழியே மழைநீர் உள்ளே போகும் என்பதும்தான். ஆகவே 2006 உலகக் கோப்பைக்கான டீம்கைஸ்ட் பந்தில் துண்டுகளை 14 ஆகக் குறைத்து, வெப்பத்தால் ஒட்டினார்கள். 2010-இல் வந்த ஜபுலானியில் எட்டே துண்டுகள். கோல்கீப்பர்கள் அதைக் கடுமையாகக் குறைகூறினார்கள், அவர்கள் சொன்னதில் உண்மை இருந்தது. வழவழப்பான பந்தின் மேல் ஓடும் காற்று சீக்கிரமே விலகி, பின்னால் அகலமான சுழலை உண்டாக்கிப் பந்தை இழுக்கிறது. தையல் பள்ளங்கள் அந்தக் காற்றைக் கலைத்துவிட்டால் அது பந்தை ஒட்டியபடி இன்னும் பின்னால் வரை போகும், இழுப்பும் குறையும். ஒரு நிலையிலிருந்து மற்றதற்கு மாறும் வேகத்தில், சுழலாமல் போகும் பந்து இப்படியும் அப்படியும் தடுமாறும். நாசாவின் ஏம்ஸ் ஆய்வு மையத்தில் சோதித்தபோது, ஜபுலானியின் தடுமாற்றம் மணிக்குச் சுமார் 80 கிலோமீட்டர் வேகத்தை ஒட்டி, அதாவது முன்னணி வீரர்கள் ஃப்ரீ கிக் அடிக்கும் வேகத்திலேயே நிகழ்வது தெரியவந்தது. கோல்கீப்பர் பந்தின் முதல் சில மீட்டர்களைப் பார்த்துக் காலை எடுத்து வைக்கிறவர். அதன்பின் பந்து மனம் மாறினால் அவருக்கு வேறு வழியில்லை.

2014-இல் வந்த பிரசூக்காவில் துண்டுகள் ஆறாகக் குறைந்தன, ஆனால் அவற்றை நெளிநெளியாக வெட்டியதால் துண்டுகள் சேரும் இணைப்புக் கோடுகளின் மொத்த நீளம் ஜபுலானியின் 203 சென்டிமீட்டரிலிருந்து 327 ஆகவும், பள்ளத்தின் ஆழம் 0.48 மில்லிமீட்டரிலிருந்து 1.56 ஆகவும் கூடின. தடுமாறும் வேகம் மணிக்குச் சுமார் 50 கிலோமீட்டருக்கு இறங்கியது, கோலை நோக்கி உதைக்கும் பந்து பெரும்பாலும் அதைவிட வேகமாகவே போகும். என் கணிப்பில் இதுவரை வந்த உலகக் கோப்பைப் பந்துகளில் இதுவே நேர்மையானது, அதையும் சியால்கோட்டிலேயே செய்தார்கள் என்பது எனக்குக் கூடுதல் மகிழ்ச்சி. 2022-இன் அல் ரிஹ்லாவுக்குள் நொடிக்கு 500 முறை தகவல் அனுப்பும் உணரி இருந்தது. உருகுவேக்கு எதிரான ஆட்டத்தில் விழுந்த கோலில் போர்ச்சுகல் வீரர் ரொனால்டோவின் தலை பந்தில் படவில்லை என்று அடிடாஸ் சொன்னது அதை வைத்தே. 2026-க்கான டிரியோண்டாவில் நான்கு துண்டுகள்.

இத்தனைக்கும் பிறகு பழைய பந்தின் படம் ஏன் மறையவில்லை என்றால், 2002 முதல் உலகக் கோப்பைப் பந்துகள் நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிய முகத்தோடு வருகின்றன, எதுவும் ஒரு தலைமுறை கண்ணில் தங்குவதில்லை. ஐரோப்பியக் கிளப்புகள் மோதும் சாம்பியன்ஸ் லீக்கின் பந்து மட்டும் விதிவிலக்கு. ஆனால் அதிலுள்ள 12 நட்சத்திரங்களும் பழைய ஐங்கோணங்கள் இருந்த அதே இடங்களில்தான் அமர்ந்திருக்கின்றன. தவிர, ஐங்கோணப் பந்தில்தான் தையல் எங்கே ஓடுகிறதோ அங்கேயே வண்ணமும் மாறுகிறது. பார்க்கிறவருக்கு அது எப்படிச் செய்யப்பட்டது என்பது ஒரே பார்வையில் புரிந்துவிடும், குழந்தைகூட நினைவிலிருந்து வரைந்துவிடும்.

என் பயிற்சிக்கு நான் இன்றும் வாங்குவது ஜலந்தரில் தைக்கப்பட்ட 32 துண்டுப் பந்துகளையே. கற்கள் கிடக்கும் எங்கள் மைதானத்தில் எந்தப் பந்தும் அடிபடத்தான் செய்யும். ஒட்டிய பந்து பிளந்தால் அதைத் தூக்கிப் போடவேண்டியதுதான். தைத்த பந்தில் நூல் அறுந்தால், வளைந்த ஊசியும் மெழுகு நூலும் கொண்டு மாலைக்குள் சரிசெய்து, மறுநாள் காலை ஆறு மணிக்குப் பிள்ளைகள் வரும்போது காற்றடித்துக் கொடுத்துவிடுகிறேன்.